பி.எஸ்சி. மாணவர்களுக்குக் கதையும் கவிதையும் எதற்கு?

“கணிதம் படிக்கும் எனக்குப் பகுதி 2 என்ற கட்டாய ஆங்கிலப் பாடத்தில் கதை, கவிதை எல்லாம் எதற்கு? நேரம்தானே வீண்?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை நானே சொல்லிவிடுவேன். ஆசிரியர் பாடத்தை வாசிப்பார், சுருக்கத்தை எழுதிப் போடுவார். நீங்கள் கைடு வாங்கி மனப்பாடம் செய்து, 75 மதிப்பெண் தேர்வை எழுதிவிட்டு வருவீர்கள். அதனால் வந்த கோபம் நியாயமானது. ஆனால் அதைப் பாடத்தின் மேல் காட்டாதீர்கள்.

எனக்குப் பாம்பன். எங்கள் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்தேன். அம்மா கடலில் பாசி எடுப்பவர். இரண்டாம் ஆண்டில் வந்த ஆங்கில ஆசிரியை ஒரு கவிதையை நடத்தி முடித்ததும், “வீட்டில் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்து எழுதி வாருங்கள்” என்றார். அம்மா கடுமையான உழைப்பாளி என்று எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் கேள்விகள். கையில் என்ன கட்டிக்கொள்வார்? எடுத்ததை எதில் போடுவார்? எந்த நாள்களில் போவார்?

அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் போவது. கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று இரண்டு வகைப் பாசி; கட்டக்கோரையைவிட மரிக்கொழுந்துக்கு விலை அதிகம். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கிறது என்பதைத் துணைப்பாடமான தாவரவியலில் படித்திருந்தேன். அதை மூச்சடக்கி எடுத்து வருபவர் யார் என்று எழுத எனக்கு இடம் கொடுத்தது ஆங்கில வகுப்பு. முதலில் தமிழில் எழுதிப் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை அதற்குத் தடை சொல்லவில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அதன் பிறகு பாசி எடுப்பவர்களுக்குக் கெடுபிடிதான். பின்னாளில் எங்கள் தெருப் பெண்களுக்காக மனு எழுதியது நான். ‘வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது’ என்பதோடு விடாமல், எங்கே எடுக்கிறார்கள், அடியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எப்படிக் கிள்ளுகிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். அதிகாரி கடைசி வரி வரை படித்துவிட்டு, கூட வந்த பெண்களிடமே விவரம் கேட்டார்.

ஆங்கில மோகம் என்று யாராவது சொல்ல வருவார்கள். பகுதி 1 தமிழையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். நெய்தல் பாடல்களில் வரும் அடும்புக் கொடியும் நண்டும் எங்கள் கரையில் இன்றும் இருக்கின்றன. அவற்றை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களின் எழுத்து அறிவியல் மாணவருக்கு வேண்டாததா? வேலைக்கு உதவாது என்பவர்கள், வேலையில் சேர்ந்த பிறகு ஓர் அறிக்கை எழுதிப் பார்க்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆங்கில ஆசிரியை கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணியில் இல்லாதவர். அவருக்கு ஆண்டில் 11 மாதம்தான் ஊதியம், மே மாதத்துக்குக் கிடையாது. வகுப்பு முழுவதன் தாள்களையும் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தியவர், கோடை விடுமுறையில் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் இப்படியே ஓட்டுவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த முறை கட்டுரை எழுதச் சொன்னால் கைடைத் திறக்காதீர்கள். உங்கள் தெருவில் நடக்கும் ஒரு வேலையை எழுதி, ஓரத்தில் கேள்வி போட்டுத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் தமிழ்த்துறையில் கேட்டுப் பாருங்கள்.