வாசகர் கேள்வி: 150-ஆ, 152-ஆ?

கேள்வி: என் மகள் செஸ்னா 152 விமானத்தில் பயிற்சி பெறுகிறாள். பழைய செஸ்னா 150 இன்னும் மெதுவாக, அழகாக இறங்கும் என்று தோழி சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே மனக்குறை. இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: குறையே வேண்டாம் அம்மா. நான் 150-இல் கற்றுக்கொண்டவன், 152-இல் கற்றுக்கொடுத்தவன். நேராகப் பறக்கும்போதும் திரும்பும்போதும் கைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 1977-இல் 150-இன் இடத்துக்கு வந்தது 152. 100 குதிரைத்திறன் கான்டினென்டல் என்ஜின் போய், 110 குதிரைத்திறன் லைகமிங் வந்தது.

தோழி சொன்னதிலும் உண்மை உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப், 150-இல் 40 டிகிரி வரை இறங்கும். 152-இல் 30-உடன் சரி. 40 வைத்தால் மூக்கு தாழ்ந்து, முன்கண்ணாடி நிறைய ஓடுபாதை தெரியும். மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆனால் கடைசி நொடியில் ஓடுபாதையில் நாய் குறுக்கிட்டால்? என்ஜின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியான திராட்டிலை முழுக்கத் தள்ளினாலும், 40 டிகிரி ஃபிளாப்புடன் 150 மேலேறத் திணறும். ஃபிளாப்பை உடனே 20-க்குக் கொண்டுவந்து, மீதியைப் பிறகு மெல்ல மேலே மடக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது பதற்றத்தில் முழுவதையும் ஒரேயடியாக மடக்கிவிட்டேன். விமானம் தொப்பென்று தாழ்ந்தது. சக்கரம் புல்லை உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 152-இல் இந்தத் திணறல் குறைவு. புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் சுமார் 1500 மீட்டர் ஓடுபாதைக்கு அந்தக் கடைசி 10 டிகிரி தேவையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் பனிக்கட்டியா என்பீர்கள். ஈரம் கனத்த மார்கழிக் காலையில், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படியும். 150-இல் இந்தத் தொல்லை அதிகம். லைகமிங்கில் கார்புரேட்டர், சூடான எண்ணெய்த் தொட்டியின் அடியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் குறைவு. அறவே இல்லை என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. திராட்டிலைத் தொடாமலே என்ஜின் சுற்று குறைந்தால் அதுதான் முதல் அடையாளம். கார்புரேட்டர் சூட்டுக் குமிழை உடனே முழுவதுமாக இழுக்கச் சொல்லுங்கள். இழுத்ததும் என்ஜின் சற்று நேரம் கரகரக்கும். பயந்து திரும்ப உள்ளே தள்ளிவிட வேண்டாம். பனி கரைந்து வெளியேறும் சத்தம் அது.