ஆலய வாசலில் போராட்டம்: செய்தியாளர் எதுவரை போகலாம்?

ஒட்டுசுட்டான் பகுதியைச் சேர்ந்த பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர் கேட்கிறார்: எமது ஊர்க் கோயில் காணியைத் தொல்லியல் திணைக்களம் எல்லையிட்டதற்கு எதிராக மக்கள் கோயில் வாசலில் போராடவுள்ளனர், பொலிஸார் தடையுத்தரவு பெறுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது, என்னிடம் தகவல் திணைக்கள ஊடக அட்டையும் இல்லை. நான் செய்தி சேகரிக்கலாமா? படங்களை அழிக்கச் சொன்னால் என்ன செய்வது?

அட்டையைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சு, கருத்து வெளிப்பாடு, வெளியீடு ஆகிய சுதந்திரங்களை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறதே தவிர, அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் வழங்கவில்லை. அட்டை வீதித்தடையில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதைக் காட்டி நீதிமன்றக் கட்டளையைத் தாண்டிச் செல்ல எவராலும் முடியாது.

ஆகவே, உங்கள் விடயத்தில் உண்மையில் தீர்மானிக்கப்போவது அந்தத் தடையுத்தரவின் வாசகந்தான். இத்தகைய கட்டளைகள் பெரும்பாலும் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106 ஆம் பிரிவின்கீழ் நீதிவானிடம் பெறப்படுகின்றன. அக்கட்டளையைக் குறிப்பிட்ட ஒரு நபருக்கும் பிறப்பிக்கலாம். குறித்த ஓர் இடத்துக்கு வரும் பொதுமக்கள் அனைவருக்கும் பிறப்பிக்கலாம். முதல் வகையாயின், பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் போராட்டம் நடத்துவது தடுக்கப்படுகிறதேயன்றி, அருகில் நின்று படமெடுக்கும் உங்களை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. எனினும், பெயர்ப்பட்டியலின் கடைசியில் ‘ஏனையோர்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும். இரண்டாவது வகை உங்களையும் கட்டும். பொலிஸார் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இக்கட்டளை 14 நாட்களுக்கு மேல் வலுவில் இராது என்பதால் திகதியையும் கவனியுங்கள்; சட்டத்தரணி ஊடாக அதைத் திருத்துமாறும் நீதிவானிடம் கோரலாம்.

கட்டளையை வாசித்திருப்பதால் செய்திக்கும் பலன் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் ஆலய வளாகத்தில் 2019 செப்டெம்பரில் நீதிமன்றக் கட்டளையையும் மீறிப் பிக்கு ஒருவரின் உடல் தகனம் செய்யப்பட்டபோது, எது தடுக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்திருந்தவராலேயே மீறலை மீறலென்று துல்லியமாக எழுத முடிந்திருக்கும்.

வாசல், வீதி ஆகியன ஒன்று. உள்வீதியும் மண்டபமும் வேறு. உள்ளே படமெடுக்கப் பரிபாலன சபையின் அனுமதியைப் பெறுங்கள், இயன்றால் எழுத்தில். பூசை நடக்கும்போது இடையூறு விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 291 ஆம் பிரிவு உங்கள்மீதும் பாயலாம். நேரலையிலும் அவதானம் வேண்டும்: யாரேனும் ஒரு மதத்தவருக்கு எதிராக வன்முறையைத் தூண்டிப் பேசினால், அதை அப்படியே ஒலிபரப்புவதைவிட, அப்படிப் பேசப்பட்டது என்று செய்தியாக்குவதே பாதுகாப்பானது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் (ICCPR) சட்டத்தின் 3 ஆம் பிரிவு மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. கடந்த காலத்தில் அது எழுத்தாளர்கள்மீதும் பிரயோகிக்கப்பட்டிருப்பதை மறந்துவிடாதீர்கள்.

படங்களை அழிக்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை பொலிஸாருக்கு வழங்கவில்லை. விசாரணைக்குச் சான்றுப்பொருளாகக் கைத்தொலைபேசியைக் கைப்பற்றுவது வேறு விடயம். அவ்வாறு செய்தால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், உத்தியோகத்தரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைகலப்புக்கு மட்டும் இடம்கொடுக்காதீர்கள். கடமைக்கு இடையூறு என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு தள்ளுமுள்ளே போதும்.

கைதுசெய்தால், அரசியலமைப்பின் 13(1) உறுப்புரையின்படி காரணம் அறிவிக்கப்பட வேண்டும். சாதாரண சட்டத்தின்கீழ் 24 மணித்தியாலங்களுக்குள் நீதிவான் முன் நிறுத்தப்பட வேண்டும். வன்னியில் அடிக்கடி நேரும் சிக்கல், வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவதாகும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவின்படி, அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும்; திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அது நடக்கும்வரை கையொப்பமிடாதீர்கள்.

உரிமை மீறப்பட்டால், 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்புக்குச் செல்ல அக்காலம் போதாது என்றால், அதே மாதத்துக்குள் வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேர்க்கப்படுவதில்லை.