குடற்புழுவைத் தானே எதிர்க்கும் ஆடு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்தும் மழைக்காலத்தில் ஆடுகள் சாகின்றன, புழுவைத் தானே எதிர்க்கும் ஆடு இருக்கிறதா, இருந்தால் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் பட்டியிலேயே நின்றுகொண்டிருக்கும். அடுத்த பக்ரீத்துக்கு அதை விற்றுவிடாமல் இருந்தால் சரி. நான் விற்றவன்.

ஓமலூர்ப் பக்கம் நாற்பது மேச்சேரிச் செம்மறிகளும் ஏழெட்டு வெள்ளாடுகளும் வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்த சில வாரங்களில், குட்டிகள் தாடைக்குக் கீழே நீர் கோத்து, தலை தொங்கி, பத்து நாளில் ஆறு செத்தன. கழிச்சல் இல்லாததால் புழுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆறாவது குட்டியைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். நான்காவது இரைப்பையின் உட்சுவர் முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் துண்டுகள் போல ஏதோ அப்பிக் கிடந்தது. சில துண்டுகள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் புழு அது. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்கிறது; ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி. குட்டியின் உடலில் எவ்வளவு இரத்தம் இருந்துவிடப் போகிறது? எத்தனை ஆண்டாக இதே மருந்து என்று அவர் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. கடைக்காரர் கொடுத்த ஒரே மருந்தை, எடை பார்க்காமல், எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவில் ஊற்றி வந்திருந்தேன். மருந்துக்குச் சாகாத புழுக்களை நானே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறேன்.

அன்று மாலை அவர் சொன்னபடி ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்து உட்புறத்தைப் பார்த்தேன். பல ஆடுகளுக்கு வெளிறியிருந்தது, சிலவற்றுக்குக் காகிதம் போல. மருந்து ஊற்றப் போனாலே வேலியைத் தாண்டி ஓடிவிடும், காது கிழிந்த கிழட்டுப் பெட்டை ஒன்றுக்கு மட்டும் நல்ல சிவப்பு. அதன் கிடாக்குட்டியைத்தான் அதற்கு முந்தைய ஆண்டு பக்ரீத்துக்கு விற்றிருந்தேன். உருவம் சிறிது என்று கழித்துவிட்டு, சந்தையில் வாங்கிய பெரிய கிடாவைப் பொலிக்கு வைத்துக்கொண்டேன். செத்த ஆறும் சந்தைக் கிடாவின் குட்டிகள். உயிரோடு இருந்தவையும் அதன் குட்டிகளே என்பதால் பழி முழுவதையும் அதன் மேல் போட முடியாது என்பதை, யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எதிர்ப்புத் திறன் பிறந்தவுடன் வேலை செய்வதில்லை. புல்லோடு உள்ளே போகும் இளம்புழுக்களை உடல் பலமுறை சந்தித்துப் பழகிய பிறகுதான் இரைப்பைச் சுவரில் எதிர்ப்பொருள்களும் ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்களும் திரண்டு, புதிதாக வருபவற்றை வெளியேற்றுகின்றன. தங்கிவிட்ட புழுவையும் குட்டையாக்கி, அது இடும் முட்டையைக் குறைக்கின்றன. குட்டிகளுக்கு இது முதிரப் பல மாதம் ஆகும். ஈனும் சமயத்தில் தாய்க்கும் இது தளர்ந்துவிடும். அப்போது தாய் போடும் புழுக்கையிலிருந்துதான் குட்டி மேயும் புல்லுக்குப் புழு போகிறது. இந்த எதிர்ப்புக்குப் புரதம் வேண்டும் என்பதால், சினை முற்றிய பெட்டைக்குக் கொஞ்சம் பிண்ணாக்கு கூட வைப்பது வீண்செலவு அல்ல. வெள்ளாடுகள் தலை நிமிர்ந்து தழை தின்று வந்த இனம். தரைப் புல்லில் உள்ள புழுவோடு அவற்றுக்குப் பழக்கம் குறைவு, அதனால் எதிர்ப்பும் செம்மறியைவிடக் குறைவு. அவற்றைக் கட்டையாக மேய்ந்த புல்லில் விடாதீர்கள்.

கென்யாவின் சிவப்பு மாசாய் செம்மறியும் சுந்தரவனத்துக் கரோல் செம்மறியும் இந்தப் புழுவைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றவை. அவற்றைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஒரே மந்தையில், புழுக்கையில் காணும் புழு முட்டைகளின் எண்ணிக்கை ஆட்டுக்கு ஆடு வேறுபடும்; அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை பரம்பரையாக வருகிறது. தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு, ஆனால் ஆண்டுகள் பிடிக்கும்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெளிறிய ஆட்டுக்கு இன்றே மருந்து கொடுங்கள், எடை போட்டு, மருத்துவரைக் கேட்டு. வெள்ளாட்டின் உடல் சில மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடுவதால், செம்மறிக்கான அளவு அதற்குப் போதாமல் போகலாம். சிவந்த இமை உள்ளவற்றை விட்டுவிடுங்கள்.

ஆனால் இமையை மட்டும் நம்பியும் நான் ஒருமுறை ஏமாந்தேன். கிழட்டுப் பெட்டையின் பேத்திகள் இரண்டுக்கும் இமை ஒரே சிவப்பு. புழுக்கையைச் சோதித்தபோது ஒன்றில் முட்டை அரிதாக இருந்தது, மற்றதில் கொட்டிக் கிடந்தது. இரண்டாவது, புழுவை எதிர்க்கவில்லை, வெறுமனே தாங்கிக்கொண்டு மேய்ச்சல் நிலம் முழுவதும் முட்டையைத் தூவிக்கொண்டிருந்தது. முதலாவதின் கிடாக்குட்டிதான் இப்போது என் பொலிகிடா. பார்க்க நோஞ்சான், வியாபாரி ஒருவர் அதைக் கண்டு சிரித்தார்.

ஆகவே கிடாவைத் தேர்ந்தெடுக்கும் முன் புழுக்கையைச் சோதித்துவிடுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்காமல் ஆசனவாயிலிருந்தே எடுத்து, பையின் மேல் ஆட்டின் எண்ணை எழுதி, வெயில் படாமல் அன்றே கால்நடை மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.