மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் அயவாஸ்கா குடிக்கலாமா?

கேள்வி: என் தம்பி (34) பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரில் வேலை பார்க்கிறான். மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறான். அங்கே சாண்டோ டைமி என்ற மதச் சபையின் வழிபாட்டில், மாயக்காட்சிகளைத் தோன்றவைக்கும் அயவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயம் குடிக்கும் நண்பர்கள் குடிப்பழக்கம்கூட இல்லாமல் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்களாம். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தானும் குடிக்கப்போவதாகச் சொல்கிறான். விடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது.

நண்பர்களைப் பற்றித் தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 1993-ல் மனாவுஸ் நகரில், இதே கஷாயத்தைக் குடிக்கும் இன்னொரு சபையில் பல வருடம் இருந்த 15 ஆண்களைப் பரிசோதித்தார்கள். ஞாபகசக்தி குறையவில்லை, பலர் சபைக்கு வந்தபின் மதுவை விட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் சபையில் நிலைத்தவர்கள். ஒத்துக்கொள்ளாமல் விலகிப்போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கட்டுப்பாடான வாழ்க்கையும் கூட நிற்கும் மனிதர்களும் அவர்கள் உடம்புக்குச் செய்த நன்மையும் கொஞ்சமில்லை.

உங்கள் தம்பி விஷயம் வேறு. கஷாயத்தில் சேரும் சக்ருனா இலையில், மாயக்காட்சிகளைத் தோன்றவைக்கும் டிஎம்டி என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால், எம்ஏஓ என்ற என்சைம் அதை உடலுக்குள்ளேயே சிதைத்துவிடும். கூடக் காய்ச்சும் கொடியில் உள்ள ஹார்மின் அந்த என்சைமை முடக்குகிறது. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சிதைப்பதும் இதே என்சைம்தான். தம்பியின் மாத்திரையோ, செரட்டோனினை நரம்புகள் திரும்ப உறிஞ்சாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் எக்கச்சக்கமாக ஏறிவிடும். நடுக்கம், தசை வெட்டி இழுப்பது, கொட்டும் வியர்வை, காய்ச்சல், படபடப்பு எல்லாம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

என் பெரிய கவலை இதுதான்: அந்தச் சடங்கில் வாந்தியும் நடுக்கமும் உடம்பு சுத்தமாவதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆபத்து தொடங்கினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

ஒரு வாரம் நிறுத்தினால் போதும் என்று நம்ப முடியாது. திடீரென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை, அப்புறம் பழைய சோர்வே திரும்பவும் வரலாம். பிரேசிலின் நடால் நகரில் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 29 பேரிடம் ஆய்வு நடந்தது. கஷாயம் குடித்தவர்களுக்கு ஒரு வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அங்கே ஆளைத் தேர்ந்தெடுத்ததும், பழைய மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவர்கள்.

ஏற்கெனவே குடித்துவிட்டு மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால், உடனே அவசர சிகிச்சைக்குப் போகட்டும். மாத்திரை, கஷாயம் இரண்டையும் மறைக்காமல் சொல்லட்டும். இரண்டு வருடமாகியும் மனசு தெளியவில்லை என்றால், அளவை மாற்றவோ உளவியல் சிகிச்சையைச் சேர்க்கவோ முடியுமா என்று அங்குள்ள தன் டாக்டரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.