காடு நன்றாக இருக்கும்போதே உப்பை அளந்து வையுங்கள்

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் ஐயனார் கோயில்காடும் அதையொட்டிய புல்தரையும் நன்றாகத்தான் இருக்கின்றன. சுற்றியுள்ள வயல்களில் உவர் ஏறிவிட்டது. நல்லா இருக்கிற இடத்திலும் உப்பை அளக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். இலை கருகிய பிறகு அளந்தால், அந்த மண் முன்பு எப்படி இருந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

கடலோர மண்ணில் உப்பு இருப்பதே கோளாறு இல்லை; உமரிச் செடியும் உகாய் மரமும் அதோடு வாழப் பழகியவை. அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம். மரவேர்கள் நீரை உறிஞ்சி நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண் உப்பைக் கீழே கழுவும். அதனால் நல்ல காட்டில் பெரும்பாலும் மேலே குறைவு, கீழே அதிகம். வருடா வருடம் மேல்மண் அளவு ஏறிக்கொண்டே வந்தால், உவர்நீர் மேலேறுகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

மர நிழலில் ஒன்று, புல்தரையில் ஒன்று என்று குழி போடுங்கள். சருகை ஒதுக்கிவிட்டு 0-15, 15-30, 30-60, 60-90 செ.மீ. என்று தனித்தனியாக மண் எடுங்கள். உரச்சாக்கில் மட்டும் போடாதீர்கள். பொட்டாஷ் சாக்கில் வந்த மண்ணை அளந்துவிட்டு நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி.; போர் தண்ணீர் கூடவே கூடாது. நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, இ.சி. மீட்டரை (நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) விடுங்கள். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) மட்டும் காட்டும் மீட்டர் வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும்.

இனி பலரும் சறுக்கும் இடம். மண்ணில் ஐந்து மடங்கு நீர் கலந்திருப்பதால் ரீடிங் குறைவாகத்தான் காட்டும்; மண் வகைக்கு ஏற்றபடி பெருக்கித்தான் மண்ணின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மீட்டரில் 0.4 டெசிசீமன்ஸ் (மின்கடத்தலின் அலகு, ஒரு மீட்டர் நீளத்துக்கு) என்று வைத்துக்கொள்வோம். மணலானால் ஏறக்குறைய 14-ஆல் பெருக்கணும்: 5.6. கனத்த களிமண்ணானால் 7-ஆல்: 2.8. பெருக்கி வருவது 4-ஐத் தாண்டினால் உவர் மண் என்பது வழக்கம். ஒரே ரீடிங், இரண்டு தீர்ப்பு! மண் வகையையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.

வைகாசியில் ஒருமுறை, மழை ஓய்ந்து தையில் ஒருமுறை, அதே இடத்தில். அடையாளத்துக்கு ஒரு கல் நட்டுவிடுங்கள். கோடியக்கரை சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டியே எடுக்காதீர்கள்.