டான்யூப் போகலாம், ஆனால் அண்ணனின் டிக்கெட்டை நீங்கள் வாங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 53. வரலாறு என்றால் உயிர். டான்யூப் நதியில் பாசாவ் முதல் புடாபெஸ்ட் வரை, வழிகாட்டியுடன் 7 இரவுக் கப்பல் பயணம் போக ஆசை. ஆளுக்கு 2,200 யூரோ. நானும் கணவரும், அண்ணனும் அண்ணியும் என நான்கு பேர். மொத்தம் 8,800. போன தடவைகளைப் போல என் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்கிறார் அண்ணன், "நீயே போட்டுடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று. மூன்று வருடம் முன்பு போன ரைன் பயணத்தில் அவர் பங்கு 4,000. அதில் 1,400 இன்னும் வரவில்லை. போன வருடம் நைல் பயணம், அவர் பங்கு 2,600, வந்தது 600 தான். கார்டில் 3,700 பாக்கி நிற்கிறது, வட்டி 18 சதவீதம். ரைன் போனதிலிருந்து அந்தப் பாக்கி ஒருமுறைகூடத் தீர்ந்ததில்லை. மாதம் செலவு போக 450 மிஞ்சும், அதில் 150 கார்டுக்குப் போகிறது. வைப்புத்தொகை 6,000 இருக்கிறது, வட்டி 2 சதவீதம், அதைத் தொடுவதில்லை. கப்பல் நிறுவனம் 12 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை தருகிறது. மூன்று வாரத்துக்குள் 20 சதவீத முன்பணம் கட்ட வேண்டும். தவணையில் போகலாமா, வைப்புத்தொகையை உடைக்கலாமா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

பதில்: தவணையா வைப்புத்தொகையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய இரண்டு எண்களைக் கூட்டிப் பாருங்கள். ரைன் பாக்கி 1,400, நைல் பாக்கி 2,000, ஆக 3,400. உங்கள் கார்டில் நிற்பது 3,700. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அந்தக் கடனில் உங்களுடையது 300 யூரோதான். மற்றதெல்லாம் அண்ணனின் கடன், உங்கள் பெயரில், உங்கள் வட்டியில்.

நீங்கள் ஊதாரி இல்லை. ஊர் சுற்றும் ஆசையும் தப்பில்லை. தப்பு ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் பங்கை உங்கள் கார்டில் போடும் பழக்கம். அதை நிறுத்தாமல் எந்தக் கடனை எந்தக் கடனாக மாற்றினாலும் அடுத்த வருடம் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

அண்ணன் திருப்பித் தருவதெல்லாம் அசலில்தான் கழிகிறது. வட்டியைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன். கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். ரைன் பாக்கி 4,000-இல் தொடங்கி 1,400-க்கு வந்திருக்கிறது, சராசரியாக 2,500 என்று வையுங்கள். 18 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு 1,350. நைல் பாக்கி சராசரி 2,300, ஒரு வருடத்துக்குச் சுமார் 400. ஆக 1,750 யூரோ வட்டியாகவே போயிருக்கிறது. டான்யூப் கப்பலில் ஒருவருக்கான கட்டணத்தில் இது முக்கால் பங்குக்கும் மேல். அண்ணன் இதை வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு இந்த வட்டி தெரியவே தெரியாது, ஏனென்றால் மாதக் கடைசியில் அந்த அறிக்கை வருவது உங்களுக்கு.

இப்போது அந்தத் தவணைத் திட்டம். 8,800-ஐ 12 சதவீதத்தில் 24 மாதம் கட்டினால் மாதம் 414 ஆகும். கார்டுக்கு 150 சேர்த்தால் 564. உங்கள் கையில் மிஞ்சுவது 450. முதல் மாதமே 114 துண்டு விழுகிறது. அதை எங்கே போடுவீர்கள்? திரும்பவும் கார்டில்தான். இரண்டு வருடத்தில் தவணை வட்டியாக மட்டும் 1,140 போகும். "இப்போது பயணம், பிறகு பணம்" என்று இந்தத் திட்டங்களை இன்று எல்லோரும் விற்கிறார்கள். வீடு வாங்கக் கடன் வாங்கினால் கடைசியில் வீடாவது நிற்கும். ஏழு நாள் பயணத்துக்கு இரண்டு வருடம் வட்டி கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வட்டியே இல்லாத தவணை என்று வேறொருவர் வந்தாலும், மொத்தமாகக் கட்டினால் என்ன தள்ளுபடி என்று முதலில் கேளுங்கள். பல நேரம் வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வட்டியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நான்கு பேருக்கும் நீங்கள் ஒருவரே பதிவு செய்தால் நிறுவனத்துக்குப் பொறுப்பாளி நீங்கள் மட்டும்தான். கப்பல் பயணங்களை ரத்து செய்தால் கழிக்கும் தொகை நாள் நெருங்க நெருங்க ஏறும். தொடக்கத்தில் முன்பணம் மட்டும் போகும், பிறகு பாதி, கடைசி வாரங்களில் ஏறக்குறைய முழுத் தொகையும். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, அண்ணனுக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வராத கேபினுக்கு 4,400 வரை கட்டப்போவது நீங்கள். போன பயணத்தின் 2,000-ஐயே கேட்கக் கூச்சப்படும் நீங்கள், போகாத பயணத்தின் பணத்தை அவரிடம் எப்படிக் கேட்பீர்கள்?

ஆகவே கேபினுக்கு ஒரு பதிவு. உங்களுடையது உங்கள் பெயரில், அவர்களுடையது அண்ணன் பெயரில், அவர் கார்டில். இரண்டு பதிவுகளையும் இணைத்துக் குறித்து வைக்கச் சொன்னால் பக்கத்துப் பக்கத்துக் கேபினும் ஒரே சாப்பாட்டு மேசையும் கேட்டு வாங்கலாம். நிறுவனங்களுக்கு இது பழக்கமான வேலை. அண்ணனிடம் நீளமாக விளக்க வேண்டாம். "அண்ணா, என் கார்டில் இனி இடமில்லை. உங்கள் கேபினை நீங்களே போட்டுவிடுங்கள், இணைப்பு அனுப்புகிறேன்" என்றால் போதும். பழைய 3,400-ஐப் பற்றித் தனியாகப் பேசுங்கள், மாதம் 100 என்றாலும் தேதி குறித்து. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் சண்டையில்தான் முடியும். அந்தப் பணத்தை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் அதில் ஒரு யூரோகூட இல்லை.

வைப்புத்தொகையைத் தொடுவதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதில் 3,700-க்கு வருடம் 74 யூரோ வட்டி வருகிறது. அதே 3,700-க்குக் கார்டில் 666 கட்டுகிறீர்கள். தயவுசெய்து அதைத் தொடுங்கள். முதிர்வுக்கு முன் எடுப்பதால் வட்டியில் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை, கார்டை இந்த மாதமே தீர்த்துவிடுங்கள். இப்படியே மாதம் 150 கட்டிக்கொண்டிருந்தால் முடிய இன்னும் 31 மாதம் ஆகும், வட்டி மட்டும் 950 போகும். தீர்த்த பிறகு 2,300 மீதி இருக்கும். அது ஆபத்துக்கு. அதைக் கப்பலுக்கு எடுக்காதீர்கள்.

கடன் போனதும் மாதம் 450 முழுக்க உங்களுடையது. இருவருக்குக் கட்டணம் 4,400. டிப்ஸ் என்று பல நிறுவனங்கள் ஆளுக்கு நாளுக்கு 10 முதல் 15 யூரோ வரை எதிர்பார்க்கின்றன, 12 என்று போட்டால் இருவருக்கு 168. பாசாவ் வரை போகவும் புடாபெஸ்டிலிருந்து திரும்பவும் 500, காப்பீடும் சில்லறைச் செலவும் 330 என்று வையுங்கள். கிட்டத்தட்ட 5,400. பன்னிரண்டு மாதம் சேர்த்தால் அதே 5,400. ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான். கப்பல் போகும் வழியில், ஆஸ்திரியாவில் இருக்கும் மெல்க் துறவியர் மடம் 1089-ஆம் ஆண்டிலிருந்து ஆற்றோரப் பாறை மேல் இருக்கிறது, இன்னொரு வருடமும் இருக்கும்.

வரலாறு உயிர் என்று எழுதியதால் கப்பலைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இதுவும் பண விஷயம்தான். இந்த நதிக் கப்பல்கள் அநேகமாக 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். நீர்மட்டம் மாறும் இடங்களில் கப்பலை ஏற்றி இறக்கும் லாக் என்ற கதவுத் தொட்டிகளுக்குள் நுழைய வேண்டும் என்பதால் பெரும்பாலான கப்பல்களை அதற்கு மேல் பெரிதாகக் கட்டுவதில்லை. விலை பெரும்பாலும் தளத்தைப் பொறுத்து மாறும். கீழ்த்தளக் கேபினில் திறக்க முடியாத சிறு ஜன்னல்தான் இருக்கும், மேல்தளத்தில் பால்கனி. ஆனால் கூட்டமான துறைகளில் கப்பல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அணைத்துக் கட்டுவார்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பால்கனியின் எதிரே ஒரு கை தூரத்தில் இன்னொரு கப்பலின் திரைச்சீலை தொங்கும். பகல் முழுக்க ஊருக்குள் இருக்கப்போகும் உங்களுக்குக் கீழ்த்தளமே போதும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாக்கௌ பள்ளத்தாக்கைப் பெரும்பாலும் பகலில்தான் கடப்பார்கள். 1192-இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு அங்கேதான் வரும். அதை எல்லோருக்கும் பொதுவான மேல்தட்டில் நின்று பார்ப்பதுதான் அழகு.

கட்டணத்தில் சேர்ந்த சுற்றுலாக்களுக்கு மேல், கூடுதல் பணம் கட்டும் பயணங்களை ஒவ்வொரு நாளும் விற்பார்கள். சால்ஸ்பர்க் போல நதியிலிருந்து தள்ளியிருக்கும் ஊருக்கு அது தேவைப்படலாம். வியன்னாவில் வேண்டாம். கப்பல்கள் அதிகம் நிற்கும் ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தருகிலிருந்து நடக்கும் தூரத்தில் யு1 மெட்ரோ, பத்து நிமிடத்தில் ஸ்டீஃபன் தேவாலயத்தின் எதிரே இறங்கலாம். புடாபெஸ்டில், 1944-45-இல் ஆற்றங்கரையில் நிற்க வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக 60 ஜோடி இரும்புக் காலணிகளை வைத்திருக்கிறார்கள், பாராளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே. அதற்கு டிக்கெட்டே கிடையாது. கூட்டத்தோடு போகாமல் காலையில் தனியாகப் போங்கள்.

நதி எப்போதும் கப்பலுக்கு ஒத்துழைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். 2018-லும் 2022-லும் தண்ணீர் வற்றியது, 2024 செப்டம்பரில் வெள்ளம். அப்படி ஆனால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, தடை தாண்டி நிற்கும் வேறு கப்பலுக்குக் கொண்டு போவார்கள், அல்லது நின்ற இடத்திலேயே கப்பல் தங்கும் விடுதியாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் தொகுப்புப் பயணம் (பேக்கேஜ் டூர்) என்றால், கிளம்பும் முன் முக்கிய அம்சங்களைப் பெரிதாக மாற்றினாலோ விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலோ அபராதமின்றி விலகலாம். நிறுவனம் திவாலானால் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பும் உண்டு. அந்தப் பாதுகாப்புக்கான சான்றிதழ் கையில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். காப்பீடு எடுக்கும்போது நீர்மட்டத்தால் பயணம் தடைபட்டால் என்ன கிடைக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பல பாலிசிகளில் அது இருக்காது.

அப்புறம், கப்பலில் அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு மேசை போட்டிருப்பார்கள். ஊர் திரும்பும் சோகத்தில் பலரும் அங்கேதான் கையெழுத்துப் போடுகிறார்கள். விடுமுறைச் சங்க உறுப்பினர் திட்டங்களும் இதே ரகம். எங்கே, எப்போது என்று முடிவாகாத பயணத்துக்கு யாரிடமும் பணத்தைக் கொடுத்து வைக்காதீர்கள்.

ஒரு வருடம் காத்திருக்கவே முடியாது என்றால், கப்பலில் தங்காமலும் இந்த நதியைப் பார்க்கலாம். வியன்னாவிலிருந்து ரயிலில் மெல்க் ஒரு மணி நேரம்தான், அங்கிருந்து கிரெம்ஸ் வரை கோடையில் பகல்நேரப் படகு ஓடுகிறது. பிராட்டிஸ்லாவாவும் ஒரு மணி நேரம், புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரம். பெட்டியை நீங்களே தூக்க வேண்டும், வழிகாட்டியை அங்கங்கே நீங்களே பிடிக்க வேண்டும். இருவருக்கும் முழங்கால் நன்றாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

முன்பணத்துக்கு மூன்று வாரம் என்றீர்கள். இந்த வாரமே நிறுவனத்துக்கு எழுதி, அடுத்த வருடத் தேதிக்கு இரண்டு பேருக்கு மட்டும் விலை கேளுங்கள். அதே நாள் அண்ணனுக்கும் சொல்லிவிடுங்கள், அவர் இந்த வருடமே போக விரும்பினால் அவர் பெயரில் பதிவு செய்ய அவருக்கும் அதே மூன்று வாரம் இருக்கிறது.