மீனும் பாலும் வயிற்றுக்குள் சண்டை போடுமா?

கேள்வி: என் வயது 53. மூன்று மாதத்துக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘விருத்த ஆகாரம்’, அதாவது ஒன்றோடொன்று சேரக்கூடாத உணவுகள் என்று ஒரு பட்டியல் வந்தது. பாலோடு மீன், பாலோடு வாழைப்பழம், தேனோடு நெய், இரவில் தயிர் எல்லாமே உடம்புக்குள் விஷமாகிவிடும் என்று போட்டிருந்தது. அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்புகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. மீன், பழம், தயிர் மூன்றையும் விட்டுவிட்டேன். எடை நாலு கிலோ குறைந்துவிட்டது. என் கணவரோ வாரம் தவறாமல் உணவங்காடியில் பால் ஊற்றிய மீன் சூப் குடிக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. வேலை முடிந்து நான் வீடு வர இரவு ஒன்பதரை. சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். ஊரிலிருந்து சூரணம் வரவழைக்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, பட்டியலை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த நாலு கிலோ. பாதிச் சாப்பாட்டை நிறுத்தியதால்தான் இறங்கியிருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் 53 வயதில் புதிதாக வந்த வயிற்றுத் தொல்லையும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் அதை ஊகத்துக்கு விடக்கூடாது. இந்த வாரமே குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ பாருங்கள். மலம் கறுத்துப் போவது, அதில் ரத்தம், விழுங்கும்போது அடைப்பது, நிற்காத வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் வாரக் கணக்கு வேண்டாம், இன்றே போங்கள். 50 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய மலப் பரிசோதனையை நீங்கள் செய்ததில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, இனி பட்டியல்.

அதை யாரோ நேற்று உட்கார்ந்து கற்பனையில் எழுதவில்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் என்ற பகுதியில் 26வது அத்தியாயத்தில் இந்த விவகாரம் விரிவாகவே வருகிறது. மீனுக்கும் பாலுக்கும் என்ன பகை? இரண்டும் இனிப்புச் சுவை உடையவைதான். ஆனால் பாலின் வீரியம், அதாவது உடம்பில் அது காட்டும் குணம், குளிர்ச்சி, மீனின் வீரியம் சூடு. இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெடும், உடம்பின் வழிகள் அடைபடும் என்பது அந்நூலின் வாதம். வேடிக்கை என்னவென்றால், அங்கேயே ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்கிறார். பத்ரகாப்யர் என்ற முனிவர், ஒரே ஒரு மீன் வகையைத் தவிர மற்ற எல்லா மீனையும் பாலோடு சாப்பிடலாம் என்கிறார். அங்கே பாடம் சொல்லும் குருவான ஆத்ரேயர் அதை ஏற்கவில்லை. உங்கள் வீட்டில் உங்களுக்கும் கணவருக்கும் நடக்கும் வாக்குவாதம் அந்தக் காலத்திலேயே நடந்து முடிந்த ஒன்று.

வாட்ஸ்அப்பில் பட்டியலைச் சுற்றுக்கு விட்டவர்கள் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். பழகிப்போன உணவாக இருந்தால், கொஞ்சமாகச் சாப்பிட்டால், சாப்பிடுபவருக்குப் பசித்தீ நன்றாக எரிந்தால், இளவயதாக இருந்தால், உடற்பயிற்சியால் உரமேறிய உடம்பாக இருந்தால், விருத்த ஆகாரம் ஒன்றும் செய்யாது என்று அதே நூல் சொல்கிறது. உங்கள் கணவரின் மீன் சூப்புக்குச் சரகரே அனுமதிச் சீட்டு கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவரிடம் சொல்ல வேண்டாம், வாரம் இரண்டாகிவிடும்.

அந்தக் கடையை நானும் நின்று பார்த்திருக்கிறேன். கொதிக்கும் மீன் எலும்புச் சாற்றில் பீஹூன் என்ற அரிசி நூடுல்ஸைப் போட்டு, மீன் துண்டுகளைச் சரித்து, கடைசியில் டின்னைக் கவிழ்த்து இனிப்பில்லாத கெட்டிப்பாலை ஒரு வட்டமாக ஊற்றுவார் கடைக்காரர். சாறு வெள்ளையாகிவிடும். மதியம் பன்னிரண்டரைக்கு அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் தோல் நோய் வரவேண்டும் என்றால் இந்த ஊரில் தோல் மருத்துவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. ஃபின்லாந்துக்காரர்கள் சால்மனைப் பாலில் வேகவைக்கிறார்கள், வங்காளிகள் தயிரில் மீன் சமைத்து அதற்குத் ‘தோய் மாச்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்ற பயத்துக்கும் ஆதாரம் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலுக்கு நிறம் தரும் செல்களைத் தாக்குவதால் வருவது அது.

என் மாமியார் மீன் வாங்கிய நாளில் அடுப்பில் பால் வைக்க மாட்டார். காரணம் கேட்டால் ‘ஆகாது’ என்ற ஒரே பதில்தான். அவரைக் குறை சொல்லமாட்டேன். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் முதலில் கெடும் பொருள்கள் இவை இரண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும், வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பும். மேலே ஒரு டம்ளர் பாலும் குடித்திருந்தால் பழி யார் மேல் விழும்? இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்பது என் யூகம், அவ்வளவுதான்.

தேனும் நெய்யும் விஷயத்தில் அளவை விட்டுவிட்டார்கள். நூல் விலக்குவது இரண்டையும் சம அளவில் சேர்ப்பதை. முருகன் கோயில் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தோடு தேனும் நெய்யும் சேர்ந்தேதான் இருக்கின்றன. தைப்பூசத்தன்று கை நீட்டி வாங்கும்போது யாரும் தராசு கேட்பதில்லை. பாலோடு சேரக்கூடாத பழங்களின் வரிசையில் வாழையோடு பலாவும் தேங்காயும் வருகின்றன. தேங்காய்ப் பல்லை நெய்யில் வறுத்துப் பால் பாயசத்தில் போட்டு மூன்று தலைமுறையாகக் குடித்தவர்கள் நாம்.

இரவுத் தயிரைச் சரகர் வேண்டாம் என்பது உண்மை. நம் சித்தர் தேரையரோ ‘மோர் பெருக்கி’ என்று பாடி வைத்தார். தயிரை நிறையத் தண்ணீர் விட்டுக் கடைந்து, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுக் குடித்துப் பாருங்கள். பாலைவிடத் தயிரிலும் மோரிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு. பெரியவர்களான பிறகு அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துபோவது ஆசியர்களிடம் மிகச் சாதாரணம். உங்கள் உப்பசத்துக்குக் காரணம் மீன் அல்ல, காலையும் மாலையும் குடிக்கும் பால் காப்பியாகக்கூட இருக்கலாம். இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்தி, மற்றதையெல்லாம் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு பாலைத் தொடங்குங்கள். வித்தியாசம் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் எனக்கு அதிகச் சந்தேகம் அந்த ஒன்பதரை மணியின் மேல்தான். பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தேகாலுக்குப் படுத்தால் சோறும் ரசமும்கூட மேலே எதுக்களிக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். கனமான சாப்பாட்டை வேலையிடத்தில் ஆறு, ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கஞ்சியோ இரண்டு இட்லியோ போதும். அப்புறம், பயம். ஒவ்வொரு கவளத்தையும் ‘இது விஷமோ’ என்று விழுங்கினால் குடல் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பதற்றத்தில் வயிறு பிசைவது யாருக்கும் புதிதல்ல.

சூரணம் வேண்டாம், குறைந்தது மருத்துவரைப் பார்க்கும்வரை. 2004இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. இங்கே சுகாதார அறிவியல் ஆணையமும் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் லேபிள் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஃபிரிட்ஜில் ஒட்டியதைக் கிழித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, இரண்டு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு என்ன சொன்னது என்று எழுதி வாருங்கள். மருத்துவர் சொல்லும் சோதனைகள் நடக்கட்டும், அவற்றோடு அந்தத் தாளையும் அவரிடம் காட்டுங்கள்.